இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மயக்க மருத்துவர் பதிலளிக்கிறார்)

சென்ற இதழில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றி எழுதும்போது, இரவுப் பணியில் நான் படித்த 'சோலாரிஸ்' நாவலைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருந்தேன். ஆஸ்துமாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் அறிவியல் புனைகதை. சரி, இந்த மாதம் அதுவே.

மயக்க மருந்து கொடுத்ததும் 'நான்' என்கிற உணர்வு எங்கே போகிறது? சினிமாவில் காட்டுவதுபோல வெளியே நின்று பார்க்குமா?
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

எங்கே போகிறதென்று தெரிந்திருந்தால் நோபல் வாங்க ஸ்டாக்ஹோமுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன். என் கையில் இருந்தது ஒரு வெள்ளைத் திரவம். பெயர் புரோபோஃபால், பார்வைக்குப் பால். ரத்தக் குழாயில் ஏறியதும், பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். நரம்பணுக்களில் அது எங்கே போய் ஒட்டுகிறது என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அங்கே ஒட்டினால் 'நான்' ஏன் அணைய வேண்டும் என்பதற்குப் படம் கிடையாது.

விழித்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" அதற்குள் பித்தப்பை வெளியே வந்து, தையலும் போட்டு முடிந்திருக்கும். தூங்கி எழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்றாவது தெரியும். இவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் கணக்கிலேயே இல்லை. வெளியே நின்று பார்த்ததாகச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் கெட்டமின் என்கிற மயக்க மருந்து கொடுத்த ஆட்கள். அது அந்த மருந்தின் குணம்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். மயக்கத்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்போம். அதற்குப் பிறகு நோயாளியால் விரல்கூட அசைக்க முடியாது. 1977இல் டன்ஸ்டால் என்கிற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். தசை மருந்து போகுமுன் ஒரு கையை மட்டும் ரத்த அழுத்தப் பட்டையால் இறுக்கிவிடுங்கள், அந்தக் கைக்கு மருந்து போகாது. பிறகு காதருகே குனிந்து, "கேட்கிறதா? என் கையை அழுத்துங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அழுத்துகிறார்கள்! விழித்தபின் விசாரித்தால், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

கையை அழுத்தியது யார்?

அறிவியல் புனைகதை எனக்குப் பிடித்துப்போனதற்கு இந்தக் கேள்விதான் காரணம். (அடுத்த வாரம் ஆபரேஷன் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மயக்கத்தில் விழிப்பு வந்ததாகத் தாமே முன்வந்து சொன்னவர்கள் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் என்று 2014இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு சொல்கிறது.)

மூளையை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டால் மரணமே இல்லைதானே? எங்கள் அலுவலகத்தில் சர்வரை இடம் மாற்றுகிறோம், ஒரு ஃபைல்கூடத் தொலைவதில்லை.
- மென்பொருள் ஊழியர், சோழிங்கநல்லூர்

தம்பி, மாற்றி முடித்ததும் பழைய சர்வரை என்ன செய்கிறீர்கள்? அணைத்துவிடுவீர்கள். இந்தக் கேள்வியில் பழைய சர்வர் நீங்கள்தான்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் கிரெக் ஈகன் 1990இல் 'லேர்னிங் டு பீ மீ' என்று ஒரு சிறுகதை எழுதினார். அந்த உலகத்தில் ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் குழந்தையிலேயே ஒரு சின்னக் கல்லைப் பதித்துவிடுகிறார்கள். மூளைக்கு வரும் காட்சியும் ஒலியும் கல்லுக்கும் வரும். மூளை என்ன நினைக்கிறதோ அதையே கல்லும் நினைக்கிறதா என்று பார்த்து, பிசகினால் திருத்த ஒரு 'ஆசிரியர்' இருக்கிறது. அதுவும் கருவிதான். வருடங்கள் போகப் போகக் கல் அச்சு அசலாக அந்த ஆளாகிவிடுகிறது. முப்பது வயதுவாக்கில் மருத்துவமனைக்குப் போய், உடலின் கடிவாளத்தைக் கல்லிடம் கொடுத்துவிட்டு மூளையைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மூளை கிழடாகும், கல் ஆகாது. எல்லாரும் செய்துகொள்கிறார்கள், செய்துகொண்டபின் நலமாக இருப்பதாகவே சொல்கிறார்கள்.

கதைசொல்லி தயங்கித் தயங்கி நாள் குறிக்கிறான். அதற்குச் சில நாட்கள் முன்பு திடீரென்று கை அவன் சொன்னதைக் கேட்க மறுக்கிறது. வாய் வேறெதையோ பேசுகிறது. அவனுக்கு மெல்ல உறைக்கிறது. 'நான்' என்று இத்தனை நேரம் நம்மிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தது மூளை இல்லை, கல்! 'ஆசிரியர்' பழுதாகிவிட்டது. ஒன்றாக ஓடிய இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள். உள்ளே கத்துகிறான், யாருக்கும் கேட்கவில்லை. உடலை ஆள்பவன் நிம்மதியாக நடந்துபோய் ஆபரேஷன் மேஜையில் படுக்கிறான். முடிந்ததும் மூளை குப்பைக்குப் போகிறது, கல்லுக்கு உடல் கிடைக்கிறது. இனி அவன் இன்னொருவனுடைய வாழ்க்கையை நடித்துத் தீர்க்க வேண்டும்.

விழித்திருக்கிறோம், அசைய முடியவில்லை, கத்தினாலும் சத்தம் வரவில்லை. மயக்க மருத்துவர்களின் கெட்ட கனவு இதுவேதான். ஈகன் எங்கள் தியேட்டருக்கு வந்துவிட்டுப் போய் எழுதினாரோ என்று நினைத்தேன்.

தத்துவக்காரர் டெரிக் பார்ஃபிட் 1984இல் இதையே வேறு விதமாகக் கேட்டார். உங்களை இங்கே அழித்து, செவ்வாயில் அதே அச்சில் ஒரு ஆளைச் செய்கிற இயந்திரம். ஒருநாள் இங்கே இருப்பவர் அழியாமல் நின்றுவிட்டால்? 'அதே ஆளா இல்லையா' என்று அடித்துக்கொள்வதில் அர்த்தமில்லை, வேண்டியது நினைவின் தொடர்ச்சிதான் என்று முடித்தார். பார்ஃபிட்டைப் படித்தால் தலை ஆடும், ஈகனைப் படித்தால் வயிறு கலங்கும். எனக்கு வயிற்றின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

காலப் பயணம் சாத்தியமா?
- பத்தாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

முன்னோக்கிப் போகலாம். ரிட்டர்ன் டிக்கெட்தான் இதுவரை யாரும் விற்கவில்லை.

வேகமும் ஈர்ப்பு விசையும் மாறினால் காலம் ஓடும் கதியும் மாறும் என்றார் ஐன்ஸ்டைன். 1971இல் ஹாஃபலே, கீட்டிங் என்ற இருவர் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள். தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டால் சில பத்து, சில நூறு நானோ நொடிகள் வித்தியாசம். ஐன்ஸ்டைன் சொன்ன கணக்கோடு ஒத்துப்போனது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தி ஓடும். அதைத் திருத்தித்தான் உன் போன் வழி காட்டுகிறது.

கதையாகப் படிக்க ஆசையிருந்தால், கொஞ்சம் பெரியவனானதும், ஜோ ஹால்டெமன் 1974இல் எழுதிய 'தி ஃபாரெவர் வார்'. ஹால்டெமன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். நாவலில் படைவீரர்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சில மாதம், ஊரில் பல தலைமுறை. திரும்பினால் பேச்சு, பணம், ஆண் பெண் உறவு எதுவுமே அவர்களுடையது இல்லை. அதில் ஒரு பெண் செய்யும் காரியம் என்னை அசத்தியது. பிரிந்து போனவன் திரும்ப நூற்றாண்டுகள் ஆகும் என்று தெரிந்ததும், அவளும் ஒரு விண்கலத்தில் ஏறி மிக வேகமாகப் போய்ப் போய் வருகிறாள். வயதாகாமல் காத்திருக்க.

ஆபரேஷன் தியேட்டரிலும் காலம் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே படுத்தவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. சர்ஜனுக்கு இரண்டு மணி நேரம். வெளியே பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எவ்வளவு என்று அளக்க ஹாஃபலேயும் கீட்டிங்கும் போதாது.

நீங்கள் சொன்னதால் 'சோலாரிஸ்' படித்தேன். யோசிக்கிற கடலாம், செத்துப்போன மனைவி திரும்பி வருகிறாளாம். நம்மூர்ப் பேய்க்கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
- இல்லத்தரசி, ஈரோடு

நல்ல கேள்வி. நம்மூர்ப் பேய்க்குத் தான் யாரென்று தெரியும். எந்தக் கிணறு, எந்த மாமியார், யாரைப் பழிவாங்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். 'சோலாரி'ஸில் திரும்பி வரும் மனைவி ஹாரிக்குத் தான் யாரென்று தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

படிக்காதவர்களுக்காக: போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம் 1961இல் வெளியிட்ட நாவல். சோலாரிஸ் என்ற கோளில் ஒரே ஒரு கடல், அந்தக் கடலே ஓர் உயிர். அதன் மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்துக்கு கெல்வின் என்கிற உளவியலாளன் வருகிறான். பத்து வருடங்களுக்கு முன்பு, இவனோடு சண்டையிட்டுத் தனக்குத்தானே விஷ ஊசி போட்டுக்கொண்டு செத்த ஹாரி, ஒரு காலையில் அவன் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அதே பத்தொன்பது வயது. கடல் அவனுடைய நினைவிலிருந்து அவளை எடுத்துச் செய்து அனுப்பியிருக்கிறது.

லெம் மருத்துவம் படித்தவர் என்பது இங்கே தெரியும். அவள் கையில் ஊசி குத்திய புள்ளி இருக்கிறது. ஆனால் பாதம் பிறந்த குழந்தையின் பாதம்போல மெத்தென்று இருக்கிறது, நடந்த பாதமே இல்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் சாதாரண ரத்தம். நுண்நோக்கியில் இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே போனால், ஒன்றுமில்லை. எனக்கு மிகப் பிடித்தது அந்த வெள்ளை உடை. அதைக் கழற்ற வழியில்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம், திறப்பே கிடையாது. கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. ஏன் அப்படி என்று நான் யோசித்த பதில் இது: ஊசிப் புள்ளி அவன் குற்ற உணர்வில் இருந்தது, அதனால் வந்தது. உடை எப்படித் திறக்கும் என்பதை அவன் என்றுமே கவனித்ததில்லை, அதனால் வரவில்லை. கணவன்மார்களைப் பற்றி நான் படித்த விஷயங்களில் மிக நேர்மையானது அந்தத் திறக்காத உடைதான்.

முதலில் வந்தவளை அவன் பயந்துபோய் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். அடுத்து இன்னொருத்தி வருகிறாள். இப்போது நாற்காலியில் இரண்டு வெள்ளை உடைகள், இரண்டிலும் ஒரே இடத்தில் வெட்டு. தான் அசலில்லை என்று இவளுக்குப் போகப்போகத் தெரிகிறது. திரவ ஆக்சிஜனைக் குடிக்கிறாள், சாக முடியவில்லை. கடைசியில் அவனுக்குத் தெரியாமல், அங்கிருக்கும் இன்னொரு விஞ்ஞானியின் உதவியோடு தன்னை அழித்துக்கொள்கிறாள். ஒரு கடிதம் மட்டும்.

அவளாக எடுத்த ஒரே முடிவு அது, அதனால்தான் அவள் தனி மனுஷியாகிறாள் என்று என் தோழி ஒருத்தி சொல்வாள். நான் கேட்டேன்: அசல் ஹாரியும் அப்படித்தானே போனாள்? அப்படியானால் இது இவளுடைய முடிவா, அவன் நினைவில் ஏற்கெனவே எழுதியிருந்ததா? லெம் வாயைத் திறக்கவில்லை. நானும் தோழியும் கட்சி மாறி மாறிச் சண்டை போட்டிருக்கிறோம். தார்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த படம் லெம்முக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

கூடுவிட்டுக் கூடு பாய்வது, தலை மாறுவது எல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தவை. மேலைநாட்டார் புதிதாக என்ன சொல்லிவிட்டார்கள்?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

ஐயா, கதை நம்மிடம் முன்பே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 'எல்லாம் நம்மிடம் இருந்தது' என்று சொல்லிவிட்டு அதைத் திரும்பப் படிக்காமல் விடுவதுதான் நம் வழக்கம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதையையே எடுப்போம். திருவாவடுதுறைப் பக்கம் மூலன் என்கிற இடையர் மேய்ச்சல் நிலத்தில் இறந்து கிடக்கிறார். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த யோகியார், பசுக்களின் துயரம் பொறுக்காமல், தம் உடலை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். பசுக்கள் சாத்தனூர் திரும்புகின்றன. பிறகு போய்ப் பார்த்தால் தம் உடலைக் காணோம். அவர் திருமூலர் ஆகிறார். நாம் கதையை இங்கே முடித்துத் திருமந்திரத்துக்குப் போய்விடுவோம்.

சேக்கிழார் நடுவில் ஒருத்தியை நிறுத்தியிருக்கிறார். மூலனின் மனைவி. வீடு திரும்பாத கணவனைத் தேடி வருகிறாள். பிள்ளைகளோ சுற்றமோ இல்லாதவள் என்று பெரியபுராணம் குறிப்பாகச் சொல்கிறது. அவளிடம், உனக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஒரு மடத்துக்குள் போய்விடுகிறார். அவள் இரவெல்லாம் தூங்காமல் இருந்து, மறுநாள் ஊராரைக் கூட்டி வருகிறாள். ஊரார் பார்த்து, இது பித்தும் இல்லை, வேறெதுவும் பிடித்ததும் இல்லை, இவர் யோகத்தில் இருக்கிறார் என்று சொல்லி அவளை அழைத்துப் போகிறார்கள். அவளுக்குப் பெயர்கூடத் தரப்படவில்லை. கணவன் இறந்தாரா இருக்கிறாரா? அவள் தாலியை என்ன செய்வாள்?

'நான் யார்' என்று கேட்பவருக்கு மோட்சம் கிடைக்கிறது. 'இவர் யார்' என்று கேட்பவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நான் மதிக்கும் அறிவியல் புனைகதைகள் இரண்டாவது ஆளின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவை. ஐயா கேட்ட புதுமை அதுதான்.

இன்னொன்று. ஆங்கிலேயத் தத்துவக்காரர் ஜான் லாக், 1694இல், இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவர் உடலுக்குள் வந்தால் அவர் இளவரசனே என்றார். வேதாளம் கதையிலும், கணவன் தலையும் இன்னொருவன் தலையும் உடம்பு மாறிப்போனபோது, விக்கிரமாதித்தன் தலையின் பக்கம்தான் தீர்ப்புச் சொல்கிறான்: கணவனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே கணவன். கிரீஷ் கர்னாட் 1971இல் 'ஹயவதனா' நாடகத்தில் அந்தத் தீர்ப்பை விடாமல் துரத்தினார். தலைக்கு ஏற்ப உடம்பு மெல்லப் பழையபடி மாறிவிடுகிறது, மனைவி மறுபடி தவிக்கிறாள். நம் அரசாங்கமோ லாக்கையும் வேதாளத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் உயிரோடிருக்கிறேன் என்று ஆண்டுதோறும் பென்ஷனுக்குச் சான்று கொடுக்கும்போது கேட்பது கைரேகை மாதிரி உடல் அடையாளத்தைத்தான். அந்தக் கணக்குப்படி திருமூலர், மூலனே. பென்ஷன் சாத்தனூர் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நானாக இருந்தால் அந்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

'எந்திரன்' சிட்டிக்கு உணர்வு வந்தது உண்மையா, நடிப்பா?
- ஆட்டோ ஓட்டுநர், வேலூர்

நடித்தது ரஜினி, அதனால் தீர்ப்புச் சொல்வது கடினம்! ஒன்று சொல்லலாம். நம் சினிமாவில் இயந்திரத்துக்கு உணர்வு வந்ததற்கு அத்தாட்சி, கதாநாயகி மேல் ஆசை வருவது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்கிற இயந்திர நாய் எவளையும் காதலிக்கவில்லை. புத்தகம் படித்தது, கிண்டல் அடித்தது. சிட்டியைவிட ஜீனோவைத்தான் நான் வீட்டுக்குள் விடுவேன்.

செயற்கை நுண்ணறிவிடம் பேசினால் மனிதர்களைவிடப் பரிவாகப் பதில் சொல்கிறது. அதற்கு உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சரியா?
- வங்கி ஊழியர், தஞ்சாவூர்

மனிதருக்குள் யாரோ இருக்கிறார்களா என்று பார்க்கவே எங்களிடம் நல்ல கருவி இல்லை. நெற்றியில் ஒட்டி மூளை மின்னலைகளைப் படிக்கும் ஒரு பட்டை உண்டு, பூஜ்யத்திலிருந்து நூறு (முழு விழிப்பு) வரை எண் காட்டும். 40க்கும் 60க்கும் இடையில் இருந்தால் ஆபரேஷனுக்கு ஏற்ற மயக்கம் என்று கணக்கு. கெட்டமின் கொடுத்தால் ஆள் நன்றாக மயங்கிக் கிடப்பார், எண் மேலே ஏறி நிற்கும். அது அளப்பது அலையை. ஆளை இல்லை.

கனடாவின் பீட்டர் வாட்ஸ், கடலுயிரியல் படித்தவர், 2006இல் 'பிளைண்ட்சைட்' என்று ஒரு நாவல் எழுதினார். சூரியக் குடும்பத்தின் விளிம்பில் ஒரு வேற்றுலகக் கலம். மனிதர்கள் ரேடியோவில் கூப்பிட்டால் அழகாக, நட்பாகப் பதில் சொல்கிறது. மனிதர்களோடு வந்த மொழியியலாளர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே தடித்த வார்த்தையில் திட்டிப் பார்க்கிறார். பிறகு சொல்கிறார், இதற்கு நாம் பேசும் ஒரு சொல்லும் புரியவில்லை. நம் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எதற்குப் பின் எது வரும் என்று மட்டும் கற்றிருக்கிறது. தத்துவக்காரர் ஜான் சர்ல் 1980இல் சொன்ன சீன அறை வாதம் (சீன மொழி தெரியாதவரும் விதிப்புத்தகத்தைப் பார்த்தே சரியான சீனப் பதில் எழுதித் தரலாம், புரிந்ததாக ஆகாது) அப்படியே நாவலுக்குள் வருகிறது. வாட்ஸ் இன்னும் ஒரு படி போகிறார். 'நான்' என்கிற உணர்வே இல்லாமல் நம்மைவிடப் புத்திசாலியாக இருக்க முடியும், அந்த உணர்வு ஒரு வீண் சுமையாகக்கூட இருக்கலாம் என்கிறார். படித்து முடித்த அன்று எனக்குக் காபி இறங்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சி சொல்லிவிடுகிறேன். 1968இல் வந்த '2001' படத்தில் ஹால் என்கிற கணினியின் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாக உருவுவார்கள். பயமாக இருக்கிறது, மனம் போய்க்கொண்டிருப்பதை உணர முடிகிறது என்று அது சொல்லும். குரல் தடித்து, முதல் பாடங்களுக்குத் திரும்பி, 'டெய்சி' பாட்டைப் பாடியபடி அணையும். (நிஜமாகவே 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஓர் ஐபிஎம் கணினி அந்தப் பாட்டைப் பாடியது. திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் கிளார்க் அதை நேரில் கேட்டவர். 1956லிருந்து இலங்கையில் வாழ்ந்து கொழும்பிலேயே இறந்தார்.) அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் விரல் தானாக நாடி பார்க்கும் இடத்துக்குப் போகும்.

ஆனால் தொழில்முறையில் கேட்டால், பேச்சை நான் சாட்சியாக ஏற்க மாட்டேன். டன்ஸ்டாலின் நோயாளியிடம் பேச்சு இல்லை, ஆள் இருந்தார். வாட்ஸின் கலத்தில் பேச்சு இருந்தது, ஆள் இல்லை. உங்கள் போனில் வரும் பரிவை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், பக்கத்து மேஜைக்காரரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள்.

'அரைவல்' படம் பார்த்தேன். மகள் இறந்துவிடுவாள் என்று முன்பே தெரிந்தும் ஒரு தாய் பெற்றுக்கொள்வாளா? என்னால் ஏற்க முடியவில்லை.
- இரு குழந்தைகளின் தாய், கோவை

படத்தைவிட அதன் மூலக்கதை இன்னும் கடுமையானது. டெட் சியாங் 1998இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்'. படத்தில் மகள் பதின்வயதில் நோயில் இறக்கிறாள், யாரும் தடுக்க முடியாது. கதையில் இருபத்தைந்து வயதில், மலையேறும்போது விழுந்து சாகிறாள். ஒரு போன் போட்டு 'இன்றைக்குப் போகாதே' என்று சொன்னால் போதும். அம்மா சொல்வதில்லை!

சியாங் இதற்குப் பிடித்த கொழுகொம்பு ஒளி. தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைகிறது. போய்ச் சேர மிகக் குறைந்த நேரம் ஆகும் பாதை அது என்று ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் காட்டினார். அப்படியானால் கிளம்பும்போதே போய்ச் சேரும் இடம் ஒளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? இயற்பியலில் இதைக் காரணம், விளைவு என்று வரிசையாகவும் சொல்லலாம், முதலும் முடிவும் சேர்ந்து பாதையைத் தீர்மானிப்பதாகவும் சொல்லலாம். கணக்கு ஒன்றுதான். கதையில் வரும் வேற்றுலகத்தார் இரண்டாவது விதமாக வாழ்கிறவர்கள். அவர்களுடைய எழுத்தைக் கற்கும் அம்மா லூயிஸுக்கும் காலம் அப்படித் தெரியத் தொடங்குகிறது. அவளுக்கு மகளின் மரணம் முன்னெச்சரிக்கை இல்லை, நினைவு. நினைவை எப்படித் தடுப்பது?

அதில் ஒரு மரக் கிண்ணம் வருகிறது. மூன்று வயதில் மகள் துணியைப் பிடித்து இழுக்க, அந்தக் கிண்ணம் தலையில் விழுந்து நெற்றியில் தையல். பிறகு, அதாவது பல வருடங்களுக்கு முன்பு, கடையில் அதே கிண்ணம் கண்ணில் படுகிறது. லூயிஸ் கை நீட்டி எடுக்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். கதையின் வாதத்தை நானும் முழுதாக ஏற்கவில்லை அம்மா. ஆனால் அந்தக் கை நீண்டதை நம்பினேன்.

அப்பாவுக்கு மறதி நோய். என்னையே யாரென்று கேட்கிறார். நினைவுதான் ஆள் என்றால், எங்கள் வீட்டில் இருப்பது யார்?
- பள்ளி ஆசிரியை, திருச்சி

உங்கள் அப்பா. லாக் சொன்னதை இந்த ஒரு வீட்டுக்குள் விடாதீர்கள்.

டேனியல் கீஸ் 1959இல் சிறுகதையாகவும் 1966இல் நாவலாகவும் எழுதிய 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' உங்கள் கைக்கு வந்தால், ஓய்வான நாளில் படியுங்கள். அறிவு வளர்ச்சி குறைந்த சார்லி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேதையாகிறான், பிறகு எல்லாம் வடிந்து போகிறது. அவன் எழுதும் குறிப்புகளாகவே கதை போகிறது. எழுத்துப்பிழைகள் குறைந்து, மறைந்து, திரும்ப வருகின்றன. மேதையானவன் பழைய சார்லியை வேறொரு ஆளாக, சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறவனாக நினைப்பான். கடைசியில் பிழைகள் நிறைந்த அந்தக் குறிப்பில், தனக்கு முன் அதே சிகிச்சை பெற்றுச் செத்த எலியின் புதைகுழியில் பூ வைக்கச் சொல்கிறவன் யார்? அறிவு போனபின்னும் அந்தக் கரிசனம் போகவில்லை.

டாக்டராக ஒன்று. "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று அப்பாவுக்குப் பரீட்சை வைக்காதீர்கள், வருகிற உறவினர்களையும் விடாதீர்கள். "அப்பா, நான் உங்க பொண்ணு வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டைப் போடுங்கள். உங்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், அண்ணன் தம்பி இருந்தால் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

மயக்கத்தில் நோயாளிகள் ரகசியங்களை உளறுவார்களாமே? உண்மை பேசவைக்கும் ஊசி என்று துப்பறியும் கதைகளில் வருகிறதே?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பென்டோதால் என்கிற மயக்க மருந்தைச் சொல்கிறீர்கள். அதைக் கொஞ்சமாகக் கொடுத்தால் நாக்கு தளரும், பேச்சு வரும். வருவது உண்மைதானா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கேட்பவர் விரும்புவதைச் சொல்லும், கனவைச் சொல்லும், பார்த்த சினிமாவைச் சொல்லும். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இப்படி ஊசி போட்டு விசாரிப்பது செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

என் மேஜையில் படுத்தவர்கள் உளறியதைக் கேட்கிறீர்களா? உங்களுக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன் நடந்ததா, பெயர் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?